ஒரே பட்டன்

"ஒரு பாட்டு கேக்க மூணு இடத்துல சுவிட்ச் தட்டணுமா? ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரே பட்டன்ல எல்லாம் ஓடணும் மாப்ளே. இல்லன்னா ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிருங்க லா!"

மாமனார் சுப்பையா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஜெலுத்தோங்கில் அந்த வீடு அவருடையது. வீட்டோடு மாப்பிள்ளையான மோகனராஜுக்கு அங்கே சொந்தமென்று இருந்தது அந்த ஆடியோ செட் மட்டும்தான். அது ஹாலை விட்டுப் போனால் அவன் மானமும் கூடவே போய்விடும். பகல் முழுக்க அதில் பாட்டுக் கேட்கும் மாமியார் நல்லம்மாள் செட்டையே கவலையோடு பார்த்தாள்.

ரிசீவருக்கு ரிமோட் உண்டு. ஆம்பிளிஃபயருக்கும், தாளத்தை அதிர வைக்கும் பாஸ் பெட்டிக்கும் சுவிட்ச் முதுகுப் பக்கம். அலமாரிக்குப் பின்னால் புகுந்துதான் தட்ட வேண்டும்.

"ட்ரிகர் வயர் மாட்டுறேன்," என்றான் மனைவி சாந்தினியிடம். "ரிசீவர் முழிச்சதும் அது வழியா பன்னெண்டு வோல்ட் போகும். மத்த ரெண்டும் தானா எந்திரிச்சுக்கும்."

வியாழக்கிழமை மாட்டினான். ஆம்பிளிஃபயர் எழுந்தது, பாஸ் பெட்டி அசையவில்லை. வெள்ளிக்கிழமை வயரை இரண்டாகப் பிரித்தான். பாஸ் பெட்டி எழுந்தது, ஆம்பிளிஃபயர் படுத்துவிட்டது. சனிக்கிழமை தனியாக ஓர் அடாப்டரைச் செருகினான். இரண்டும் எழுந்தன. அதற்குப் பிறகு அணையவே இல்லை.

"என்னங்க, அது மேல தோசையே சுடலாம் போல!" என்றாள் சாந்தினி.

ஞாயிறு காலை, மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் நண்பன் சாஹித் கொடுத்த ரிலே என்ற தானியங்கி சுவிட்சை நடுவில் மாட்டினான். ரிசீவரைப் போட்டால் மற்ற இரண்டும் அணைந்தன. அதை அணைத்தால் இவை எழுந்தன.

"அப்படியே உங்கப்பா! நாம ஒண்ணு சொன்னா அது ஒண்ணு செய்யுது," என்றான் சாந்தினியிடம்.

அவசரமாக வயரை மாற்றிச் செருகினான். சோதிக்க நேரமில்லை. சுப்பையா குளித்து, விபூதி பூசி, ரிமோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அமுக்கட்டுமா?"

"அமுக்குங்க மாமா." கண்களை இறுக மூடிக்கொண்டான்.

ரிசீவர் விழித்தது. ஒரு விநாடி ஒன்றுமில்லை. டக். டக். நாதஸ்வரம் ஹாலை நிறைத்தது!

மறுபடி அமுக்கினார். டக். டக். எல்லாம் சமர்த்தாக அடங்கின.

பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலையில் பத்து வருஷமாக இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவனுக்கு இப்படியொரு வெற்றி வாய்த்ததே இல்லை. சந்தோஷம் தாங்காமல் மாமனாரையே கட்டிப்பிடித்துவிட்டான்.

"கெட்டிக்காரர்தான் மாப்ளே நீங்க!" சுப்பையாவின் குரலே மாறியிருந்தது. "ஹால்லயே இருக்கட்டும். இனிமே தெனமும் எட்டு மணி நியூஸ் நான் இதுலதான் கேப்பேன்."

ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து, தலையில் ஒட்டடையும் கையில் கழன்று விழுந்த ட்ரிகர் வயருமாக, நல்லம்மாள் மெல்ல வெளியே வந்தாள்.

"அப்போ தெனமும் எட்டு மணிக்கு நான் உள்ள போய் சுவிட்ச் தட்டணுமா மாப்ளே?"