மங்கோலியாவில் இறக்கிய முடி

பள்ளிப்பட்டில் இருக்கும் மதிப்புக்குரிய மைத்துனர், பாவா பக்தவச்சலம் அவர்களுக்கு, திருத்தணி வரதராஜன் மங்கோலியா தேசத்திலிருந்து கும்பிட்டு எழுதுவது. குளிர் ஒன்றைத் தவிர எனக்கும் மாப்பிள்ளை சுதாகருக்கும் இங்கே ஒரு குறையும் இல்லை. அங்கே நீங்களும் வீட்டாரும் மாடு கன்றும் அப்படியே இருக்க வேண்டும். பாவா, இது என் ஆயுளில் நான் எழுதும் முதல் கடிதம். கரும்பு வெட்டிய கை, பேனாவையும் அரிவாள் மாதிரிதான் பிடிக்கிறது. நேற்றுக் காலையில் ஆரம்பித்தேன், இப்போதுதான் இந்த வரிக்கு வந்திருக்கிறேன்.

ஆள் போகாத ஊருக்கெல்லாம் ஆட்களை அழைத்துப்போவது மாப்பிள்ளையின் தொழில் அல்லவா? இந்த முறை என்னையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு நாள் ஜீப்பில் போனோம். "ரோடு எங்கே மாப்ளே?" என்றேன். "நாம போறதுதான் மாமா ரோடு" என்றார். வேலி இல்லை, வரப்பு இல்லை, கரண்டுக் கம்பம் இல்லை. நாம் ஒரு முழம் வரப்புக்குக் கோர்ட்டுக்குப் போகிறோம், இங்கே ஒரு ஜில்லா அளவு புல்லை நாலு குதிரை மேய்ந்துகினு இருக்குது. நடு ஆற்றில் ஜீப் நின்றுபோச்சு, அப்பால குதிரை மேல ஏத்தினாங்க. இறங்கிப் பார்த்தா தோள்ல துண்டு இல்ல, குதிரை வாயில இருக்குது.

அப்புறம் ஒரு மலை. உச்சியில கல்லைக் குவிச்சு, நடுவுல கம்பம் நட்டு, நீலத் துணியா கட்டியிருக்காங்க. வர்றவங்க மூணு சுத்து, நம்மள மாதிரியே வலமா சுத்தறாங்க. கீழ பார்த்தா பூமி முடியவே இல்ல பாவா. ஆபரேஷன் பண்ண கண்ணு ரெண்டும் கொட்டுது. "முருகா, எனக்கு முன்னாடியே இங்க வந்து குந்திகினு இருக்கியா?"ன்னேன். அடிவாரத்துல ஒருத்தர் ஆட்டு ரோமம் கத்தரிச்சிகினு இருந்தார். நேரா போய் அவர் எதிர்ல குந்தி, தலையைக் குனிஞ்சிட்டேன்.

என் கண்ணு நல்லாகணும்னு உங்க தங்கச்சி கௌரி வேண்டிகினு, ஒன்றரை வருஷமா கத்தி படாம காத்தாளே, வர்ற ஆடிக் கிருத்திகைக்கு நம்ம தணிகை மலையில இறக்க வேண்டிய முடி, அது அத்தனையும் மங்கோலியாவுல இறங்கிடுச்சு. "ஐயோ மாமா, அத்தை என்னைக் கொன்னுடுவாங்க!"ன்னு மாப்பிள்ளை ஓடியாந்தார். அதுக்குள்ள அந்த மனுஷன் என் தலையை முழங்கால் நடுவுல இடுக்கிட்டார், ஆட்டைப் புடிக்கிற அதே புடி. முடிஞ்சதும் சந்தனம் வேணும்னு மண்டையைத் தடவிக் காட்டினேன். அவர் சம்சாரம் ஒரு கை வெண்ணெயைப் பூசிட்டாங்க.

அதனால பாவா, பேன் விழுந்துச்சு, டாக்டர் எடுக்கச் சொன்னார்னு கௌரிகிட்ட நீங்களே பக்குவமா சொல்லுங்க. இந்தக் கடிதம் மட்டும் அவ கையில சிக்கக்கூடாது. முதியோர் எழுத்து வகுப்புல அவளும் என்கூடத்தான் படிச்சா, என்னைவிட வேகம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. நான் பார்த்த வானம் உங்களுக்கும் ஒரு நாள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
வெண்ணெய் வாசனையுடன்,
வரதராஜன்

பி.கு.: உறை மேல விலாசம் எழுத உட்கார்ந்தேன். உங்க தெருப் பேரு எனக்கும் தெரியல, மாப்பிள்ளைக்கும் தெரியல. வகுப்புல எங்க வீட்டு விலாசம் ஒண்ணுதான் எழுதக் கத்துக்குடுத்தாங்க. அதையே எழுதிட்டேன். கௌரி, பேன் எதுவும் இல்ல. தணிகை முருகனுக்குத் திரும்ப வளர்த்துக் குடுத்துடறேன். ஆனா அந்த மலையை நீ பார்த்திருந்தா, எனக்கு முன்னாடி நீ குந்தியிருப்பே.