பனியில் கால் வைத்த முதல் தமிழர்

உலக வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: திருவாளர் நித்தியானந்தன் ஐஸ் மீது கால் வைப்பதற்கு முந்திய காலம், கால் வைத்துக் கவிழ்ந்ததற்குப் பிந்திய காலம். வரலாற்றாசிரியர்கள் இந்தப் பிரிப்பை இன்னும் ஏற்கவில்லை. கிழக்கு லண்டன் தமிழர் விளையாட்டு ஒன்றியத்தின் நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டுவிட்டது, அதுவும் ஏகமனதாக. அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் நித்தியானந்தன்; இன்னொருவர் அவருடைய மனைவி.

நித்தியானந்தன் பதினொரு வருடமாக ஒன்றியத்தின் தலைவர். ‘இளைஞரும் விளையாட்டும்’ என்ற பொருளில் அறுபது தடவைக்கு மேல் பேசியிருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. கடைசியாக விளையாடியது கரம் பலகை. அதையும் முதுகுப்பிடிப்பு வந்து பாதியில் கைவிட்டார். இப்படிப்பட்டவரை ஐஸ் ஹொக்கி ஆட வைத்த பெருமை பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் இயங்கும் போட்டி ஒன்றியத்தையே சாரும்.

“பார்க்கிங்காரர் ஐஸ் ஹொக்கி விளையாடப் போயினமாம், தலைவர்,” என்றார் செயலாளர் ஆனந்தராஜா.

“ஆர் போறது?”

“அவையின்ர தலைவர் பீற்றர்தான். வாற மாசம் ரெண்டாந் திகதி. ‘ஐஸ் ஹொக்கி ஆடும் முதல் தமிழர்’ எண்டு நோட்டீசும் அடிச்சுப்போட்டார்.”

“அப்ப நாங்கள் இந்த மாசம் விளையாடுவம்.”

“நல்லது தலைவர். ஆர் விளையாடுறது?”

செயலாளருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்து ஆறு வாரம். பொருளாளரும் மனைவியுமான சிவனேஸ்வரி, கணவர் நெஞ்சை நிமிர்த்துவதைக் கண்டு கவலைப்பட்டார்.

“முதல் தமிழர் எண்டு போட முதல், வீட்டில ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோவன்,” என்றார்.

“வீட்டுக்கதை நிகழ்ச்சி நிரலில இல்லை,” என்று தலைவர் தீர்ப்பளித்தார். அடுத்த விடயமான பதாகைக்குக் கூட்டம் நகர்ந்தது.

தலைவர், ஆற்றுக்கு அப்பால் ஓர் ஐஸ் அரங்கில், வளர்ந்தவர்களுக்கான பத்து வாரப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். கூட்டங்கள் குறுக்கிட்டதால் மூன்று வாரந்தான் போக முடிந்தது. அந்த மூன்று வாரமும், சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு சறுக்கும் பிளாஸ்ரிக் பெங்குவின் ஒன்றைப் பிடித்தபடியே அவர் முன்னேறினார். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தப் பெங்குவினுக்காகக் காத்து நின்று அழுதாள். “பொதுவாழ்க்கையில் எதிர்ப்பு வரத்தான் செய்யும்,” என்று அவர் முகநூலில் எழுதினார்.

இவ்வளவு வேலைக்கு நடுவிலும் அவர் தந்தைக்குரிய கடமையில் ஒரு குறையும் வைத்தவரல்லர் என்பதை இங்கே பதிவுசெய்தாக வேண்டும். மகள் ஜதுர்ஷிகாவுக்கு இப்போது இருபது வயது. ஏழு வருடமாக, ஒவ்வொரு ஞாயிறும், வால்தம்ஸ்டோ வீட்டிலிருந்து அவளைக் காரில் ஏற்றிப்போய், புல்வெளி ஓரத்தில் இருக்கும் ஒரு பெரிய மண்டபத்தின் கார் பார்க்கில் இறக்கிவிடுவார். அவள் டிக்கியைத் திறந்து தன்னளவு பெரிய பையொன்றையும் நீளமான தடியொன்றையும் எடுத்துக்கொண்டு ‘வகுப்புக்கு’ப் போவாள். அது என்ன வகுப்பு, அந்தத் தடி எதற்கு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளைகளின் சுதந்திரத்தில் மூக்கை நுழைக்காத முற்போக்குத் தந்தை அவர். அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் கையை உயர்த்தி, “மீற்றிங் தொடங்கிட்டுது பிள்ளை,” என்பார். அவள் திரும்பி வரும்வரை காருக்குள் இருந்தபடியே சூம் கூட்டம் நடத்துவார். சென்ற தை மாதக் கூட்டத்தின் தலைப்பு: ‘பிள்ளைகளின் விளையாட்டில் பெற்றோரின் பங்கு’.

பயிற்சி வகுப்புப் புதுமுகங்களின் நட்பு ஆட்டமும் தற்செயலாக அதே மண்டபத்தில்தான் ஏற்பாடாகியிருந்தது. அதன் கார் பார்க் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த மூலையில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பதுகூடத் தெரியும். ஆனால் கட்டடத்துக்குள் போகிற கதவு எந்தப் பக்கம் என்று மகளிடந்தான் கேட்டார்.

“அங்கால, சிவப்புக் கதவு,” என்று காட்டினாள் ஜதுர்ஷிகா. “அப்பா, லேஸை நல்லா இறுக்கிக் கட்டுங்கோ. இல்லாட்டி கணுக்கால் பிரளும்.”

“உனக்கென்னெண்டு இதெல்லாம் தெரியும்?”

“சும்மா, கேள்விப்பட்டது.”

பிள்ளையின் பொது அறிவை எண்ணி அவர் பூரித்தார். “நீ உன்ர வகுப்புக்குப் போ. முடிஞ்சவுடன போட்டோவுக்கு வந்து நில், என்ன?”

“நான் உள்ளுக்கைதான் நிப்பன் அப்பா.”

தொடக்க விழாவுக்கு அரங்கு மேலாளர் ஒதுக்கியது இரண்டு நிமிடம். ஒன்றியம் அதைப் பத்தொன்பது நிமிடத்தில் சுருக்கமாக முடித்துக்கொண்டது. ஐஸ் மீது நெருப்புக் கூடாது என்றதால் பற்றரி மெழுகுதிரி கொண்டு மங்கள விளக்கு ஏற்றப்பட்டது. வரவேற்புரை ஆற்ற வந்த ஆனந்தராஜா ஊன்றுகோலோடு, ஐஸ் மீது போட்ட றப்பர் விரிப்பில் நின்றார். ‘பெருமதிப்புக்குரிய’ என்ற சொல்லுக்கு வரும்போது விரிப்பு அவரையும் கொண்டு மெல்ல நகரத் தொடங்கியது. இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். தலைமையுரை ஆற்றவிருந்த நித்தியானந்தனின் வாயில் பற்காப்பு இருந்ததால் உரை ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் வழமைபோலக் கைதட்டினார்கள்.

பிறகு ஆட்டம் தொடங்கியது.

முதல் நான்கு நிமிடத்தில் நித்தியானந்தன் ஐந்து தடவை விழுந்தார். அவற்றில் நான்கு, எதிரணியின் தலையீடு எதுவுமின்றி, முழுக்க முழுக்கச் சுயமுயற்சியில் நிகழ்ந்தவை. பக் எனப்படும் கறுப்பு றப்பர் வட்டு ஒருமுறை அவருடைய சப்பாத்தில் பட்டு நின்றது. அதை என்ன செய்வதென்று அவர் யோசித்து முடிப்பதற்குள், எதிரணியான பாரஸ்ட் கேட்டைச் சேர்ந்த பாட்டியொருத்தி அதை மரியாதையாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தலைக்கவசத்தின் கம்பிக்கூட்டுக்குள் மூக்குக்கண்ணாடி புகை படிந்ததுபோல் மங்கிவிட்டது. எல்லோரும் வெறும் நிறங்களாகத் தெரிந்தார்கள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நடுவர் மட்டும் ஒரு வரிக்குதிரையின் வேகத்தில் அங்குமிங்கும் பறந்துகொண்டிருந்தார்.

“நித்தி, மாறு! வெளியே வா!” என்று அணித்தலைவர் டேவ் ஆங்கிலத்தில் கத்தினார். அவர் தபால்காரர், குரல் பெரிது. இந்த ஆட்டத்தில் நிமிடத்துக்கொரு தரம் ஆட்களை மாற்றுவார்கள். ஆனால் மாற்று ஆட்டக்காரர் அமரும் சொந்த அணியின் வாங்கு ஐஸுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நித்தியானந்தனோ இந்தப் பக்கத்து மதிலைத் தழுவியபடி நின்றார். நடுவில் கடல்போல ஐஸ்.

அப்போதுதான் பக்கத்தில் அது கண்ணில் பட்டது. சனத்திலிருந்து தள்ளி, கண்ணாடியால் அடைத்த, காலியான ஒரு சிறு அறை. உள்ளே ஆட்டம் முழுவதும் தெரியும்படி ஓர் இருக்கை. பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். கதவைத் திறந்துவிடுவதற்கென்றே கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர்.

பதினொரு வருடம் முன்வரிசையில் இருந்தவருக்கு அது என்னவென்று ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரதம விருந்தினர் ஆசனம்.

“இரண்டு நிமிடமா?” என்று கிழவர் கதவைத் திறந்தபடி ஆங்கிலத்தில் கேட்டார்.

“அவசரமில்லை, ஆறுதலாக இருக்கிறேன்,” என்றார் நித்தியானந்தன்.

அது தவறிழைத்த ஆட்டக்காரரைத் தண்டனையாக உட்கார வைக்கும் கூண்டு என்பது அவருக்குத் தெரியாது. ஐஸ் மீது தன் அணி ஓர் ஆள் குறைந்து திண்டாடுவதும் தெரியாது. பாரஸ்ட் கேட் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டது. இரண்டுக்கும் அவர் எழுந்து நின்று கைதட்டினார். பிரதம விருந்தினர் பக்கம் சாரக் கூடாது அல்லவா?

எதிர்ப்பக்கத்தில் டேவ் தன் தடியை நிலத்தில் அடித்தார். பார்வையாளர் வரிசையில் சிவனேஸ்வரி கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினார். விசில் ஊதியது. நடுவர் பறந்து வந்து, கூண்டின் முன்னால் பனித்தூள் சிதற நின்றார்.

“உங்களை ஒருவரும் இங்கே அனுப்பவில்லையே. வெளியே வாருங்கள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெண் குரல்.

நித்தியானந்தன் பற்காப்பைக் கையில் எடுத்தார். தன் பொதுவாழ்வில் எத்தனையோ கதவுகளைத் திறந்துவிட்ட அந்த வாக்கியத்தை, அதே ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார்:

“நான் யாரென்று தெரியுமா?”

நடுவர் முகக்கண்ணாடியை மேலே தள்ளினார்.

“தெரியும், அப்பா.”

ஐஸ் அரங்கில் குளிர் என்று இதுவரை கேள்விப்பட்டிருந்த நித்தியானந்தனுக்கு வியர்த்தது.

“பிள்ளை... நீ இஞ்ச என்ன செய்யிறாய்?”

“றெஃபரியா நிக்கிறன். போன வருசம் சோதினை பாஸ் பண்ணினனான். அதுக்கு முதல் ஆறு வருசம் விளையாடினனான். கப்பெல்லாம் வீட்டில உங்கட ஷீல்டுகளுக்குப் பின்னால கிடக்குது.”

“ஆறு வருசமோ?” வெளியில் ஆனந்தராஜா ‘முதல் தமிழர்’ பதாகையை அவசரமாகச் சுருட்டுவது மங்கலாகத் தெரிந்தது. பெற்ற தகப்பனுக்குத் தெரியாமல் ஒரு சதி நடந்திருக்கிறது. குரலை உயர்த்தினார்: “எனக்குத் தெரியாம, இவ்வளவு காலமா ஆர் உன்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வாறது?”

“நீங்கள்தான், அப்பா.”

அவர் பற்காப்பைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார்.

“ஆட்டத்தை மினக்கெடுத்தினதுக்கு ரெண்டு நிமிசம்,” என்று அவள் கிழவருக்குக் கைகாட்டினாள். “இப்ப நீங்கள் சட்டப்படி இருக்கலாம்.” முகக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு போனாள்.

கிழவர் கதவைச் சாத்தினார். கைபேசி உடைமாற்றும் அறையில் இருந்தது. அழைக்க ஒரு கூட்டமும் இல்லை. வேறு வழியும் இல்லை. நித்தியானந்தன் கம்பிகளுக்கூடாக விரலை விட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஐஸைப் பார்த்தார்.

ஏழு வருடத்தில் ஒரு தந்தை தன் மகளைத் தொடர்ச்சியாக இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்த அந்த வரலாற்றுச் சாதனையும் இவ்வாறே நிகழ்ந்தது: தண்டனையாக.