மாமா அனுப்பிய தோட்டாப் பெட்டி

மதிப்புக்குரிய அம்மாசி மாமா சமூகத்துக்கு, உங்கள் தங்கை காளியாயி மகள் பவுனம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது.

பெரியவர்கள் கேட்காமல் கடிதம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்க வேண்டும். நேரில் வந்தாலும் கதவுக்குப் பின்னால் நின்று தலையைத்தான் ஆட்டுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அம்மாவும் நானும் சுகம். அப்பாவின் வலது புருவம் மறுபடி முளைத்துவருகிறது.

பள்ளிக்கூடத்து வேலை உத்தரவைப் பற்றி நான் எழுத வரவில்லை. திங்கட்கிழமை சேர வேண்டும் என்பதும், அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை என்பதும் மன்னார்புரம் வரைக்கும் தெரிந்திருக்கும். எழுத வந்தது நீங்கள் அனுப்பிய பெட்டியைப் பற்றி.

யுத்தத்தால் அப்பாவின் துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா கிடைக்காமல் போனதிலிருந்து, கொள்ளிடத்து நாணலில் கிடக்கும் பன்றிகள் எங்கள் வாழைத்தோட்டத்தைச் சொந்த வீடாகவே பாவிக்கின்றன. சீமைக்குத் திரும்பிய துரையின் ஏலத்தில், சுட்ட பித்தளைத் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி அடைக்கும் சாமானைப் பார்த்ததும், மச்சானுக்கு ஆகுமே என்று வாங்கியனுப்பினீர்கள். தோட்டாவின் அடியில் பொறி கிளப்பும் 'கேப்' பழசானால் அதைத் தள்ளும் ஆணி, புது 'கேப்' பொருத்தும் கட்டை, வெடிமருந்து அளக்கும் குப்பி, அழுத்தும் குச்சி, கூடவே இங்கிலீஷில் ஒரு விளக்கப் புத்தகம். அப்பா புத்தகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பி.ஏ. படிச்சது வீண்போகல தாயி, படி" என்றார்.

மருந்தை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே என்றிருந்ததை அப்பாவுக்கு வாசித்தேன், அம்மாவுக்கு வாசிக்கவில்லை. தரையில் சிந்திய கறுப்பு மணிகளைக் கரித்தூள் என்று அம்மா கூட்டியள்ளி அடுப்பில் போட, சுருட்டுப் பற்றவைக்கக் குனிந்த அப்பாவின் புருவம் போயிற்று. "நல்லவேளை, மீசை தப்பிச்சுது" என்றார் அப்பா. "அந்த மீசைய வச்சு என்னத்தக் கிழிச்சீங்க, எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்குப் போங்க ரெண்டு பேரும்" என்றாள் அம்மா. அங்கே போனால், மருந்துக்கும் ஈயக்குண்டுக்கும் நடுவே வைக்க வட்ட அட்டை வேண்டுமாம். வீட்டில் இருந்த ஒரே கெட்டி அட்டை, பக்கத்துத் தோட்டத்து அடைக்கலம் தன் மகள் மயிலம்மாள் கல்யாணத்துக்கு மலைக்கோட்டையில் அச்சடித்துத் தந்த பத்திரிகை. கல்யாணம்தான் முடிந்துவிட்டதே என்று மஞ்சள் தடவிய மூலையை மட்டும் சாமி மாடத்தில் வைத்துவிட்டு மற்றதை நறுக்கினேன். குச்சியால் நன்றாக அழுத்து என்றிருந்தது. எனக்குப் பயம், தொட்டும் தொடாமலும் அழுத்தினேன். அப்பா பன்றியைக் குறிபார்த்துச் சுட்டார். புஸ்ஸென்று ஒரு சத்தம். குண்டுகள் உருண்டு அவர் காலடியிலேயே விழுந்தன. பன்றி நின்று பார்த்துவிட்டு நடந்து போயிற்று. சத்தம் கேட்டு ஓடிவந்த அடைக்கலம் கீழே கிடந்த அட்டையை எடுத்தார். மணப்பெண் பெயர் அதில் முழுசாக இருந்தது.

"ஏன் மருதை, எம்மக பேரை வச்சா பன்னியச் சுடுறே?"

"சுட்டேனா? பத்திரிகைய வாங்கிக்கிட்டு, வரேன்னு தலையாட்டிட்டுப் போகுதுண்ணே."

"பந்தியில மறுபடி மறுபடி பாயாசம் வாங்கினவன் பேசுற பேச்சாடா இது!"

பிறகு அழுத்தப் பழகினேன். பன்றி விழுந்தது, அவர் வீட்டுக்கும் கறி போனது, நின்றுபோன பேச்சு வார்த்தையும் திரும்ப வந்துவிட்டது.

ஹாஸ்டலில் இருந்த காலத்தில் லீவுக்கு வந்தால் அப்பா என்னை விருந்தாளி மாதிரிதான் நடத்துவார். "சாப்டியாம்மா" என்பதற்கு மேல் பேச்சில்லை. இப்போது சாயங்காலமானால் எதிரெதிரே உட்கார்கிறோம். சுருட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார். அவர் பித்தளையைத் துடைத்துக் கொடுக்க, நான் மருந்தை அளக்கிறேன். காலேஜில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கிறார். புரிகிறதோ இல்லையோ, முழுக்கக் கேட்கிறார். நேற்றுத் தைரியம் வந்து, திங்கட்கிழமை என்று ஆரம்பித்தேன். "நீ போயிட்டா தோட்டாவ யாரு அடைக்கிறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். அது தோட்டாவைப் பற்றிய கேள்வி இல்லை, மாமா. நான் குப்பியை எடுத்து மறுபடி மருந்தை அளந்தேன்.

ஆகையால் நீங்கள் வந்து, ஏதாவது காரணம் சொல்லிப் பெட்டியை எடுத்துப் போய்விட வேண்டுகிறேன். தோட்டா இல்லையென்றால் கேள்வியும் இல்லை. அத்தைக்கு என் வணக்கம். சமயபுரத்தாள் உங்கள் எல்லோருக்கும் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
பவுனம்மாள்

பி.கு.: பெட்டியை எடுத்துப் போக வேண்டாம். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். சனி ஞாயிறு பள்ளிக்கூடம் கிடையாது, நான் வந்து அடைத்துக் கொடுப்பேன். இதை நானே சொன்னால் அழுதுவிடுவேன், அப்பாவும் அழுவார். தாய்மாமன் சொன்னால் தட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து அவரிடம் சொல்லி, வேலையில் சேர என்னை அழைத்துப் போங்கள் மாமா.