ரிட்டையர் என்ற சொல்லும் அத்தான் பேசாத பேச்சும்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே என் மனசாட்சியைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் பணி நிறைவு விழாவில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் ஒரே வார்த்தையைத்தான் பேசினேன். அதற்கே மண்டபத்தின் நேரம் தீர்ந்துபோனது. வேலையை விட்ட நாள் முதல் அகராதியும் கையுமாகத் திரிகிறவனிடம் மைக்கைக் கொடுத்தது அவர்கள் தப்பு என்று சொல்லிப் பார்த்தேன், வீட்டில் ஒருவரும் ஏற்கவில்லை. ‘ரிட்டையர்’ என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல், பின்னுக்கு இழுப்பது என்று பொருள் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? படை பின்வாங்கினாலும் ரிட்டையர், ராத்திரி படுக்கப் போனாலும் ரிட்டையர், அடிபட்ட ஆட்டக்காரர் மட்டையோடு வெளியே நடந்தாலும் ரிட்டையர், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவரையும் ஆங்கிலத்தில் ‘ரிட்டையரிங்’ என்பார்கள் என்று உங்களைக் கை காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள், அதில் எனக்கு இன்னும் ஊக்கம் வந்துவிட்டது. மண்டபக்காரர் மைக்கை அணைத்தபோது நீங்கள் பாதி எழுந்திருந்தீர்கள். மறுபடி உட்கார்ந்துவிட்டீர்கள்.

எதற்கு எழுந்தீர்கள் என்பது மறுநாள் அக்கா போனில் சொல்லித்தான் தெரிந்தது. "நாலே வரிடா. அவரு பம்பு ரூம்ல ராத்திரி ஷிப்ட் பார்த்த காலமெல்லாம் நான் தனியா வீட்டைப் பார்த்துக்கிட்டதுக்கு, எல்லார் முன்னாடியும் நன்றி சொல்லணும்னு. எங்கிட்ட சொல்லல. ஒரு மாசமா குளியலறையில குழாயத் திறந்துவிட்டுப் பேசிப் பார்த்தார், எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. அதுக்குத்தான் முன் வரிசையில வந்து உக்காந்தேன்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அத்தான், எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது. அக்காவுக்கென்று ஒரு சபையில் விழ இருந்த ஒரே கைதட்டலை நான் தின்றுவிட்டேன். அகராதியைப் பரண் மேல் போட்டாயிற்று. இனி எந்த மேடையிலும் எந்தச் சொல்லுக்கும் பிறப்பு வளர்ப்பு சொல்ல மாட்டேன், இது சத்தியம். நேரில் வந்து காலில் விழ முழங்கால் இடம் தரவில்லை என்பதால் தபாலில் விழுகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
வாயால் கெட்ட மைத்துனன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் அக்கா பேசினாள். அன்றைக்கு வீடு திரும்பும் பேருந்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டீர்களாமே. பம்பு சத்தத்தில் பழகிய தொண்டை, பேருந்து முழுக்கக் கேட்டதாம். "மண்டபத்துல பேசியிருந்தா நாலு வரியோட முடிஞ்சிருக்கும்டா. கடைசி ஸ்டாப் வரைக்கும் பேசினார்" என்கிறாள். இதையும் முதல் தடவை போன் செய்தபோதே சொல்ல வந்தாளாம். நான்தான் அழுதுகொண்டு போனை வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் பேச்சைச் சுருக்கியது அந்த ஒரு தடவைதான். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அகராதியும் பரணிலிருந்து இறங்கிவிட்டது. ஒரே ஒரு வருத்தம்தான் மிச்சம். நானும் அந்தப் பேருந்தில் வந்திருக்க வேண்டியவன். நீங்கள் கூப்பிட்டீர்கள், "முன்னால போங்க அத்தான், இதோ வந்துடறேன்" என்றேன். மண்டப வாசலில் காவலாளிக்கு ‘ரிட்டையர்’ என்பதன் மீதி அர்த்தங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.