டிரெட்மில் விற்ற வகையில் சில விவரங்கள்

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அவளுடைய தோள்பட்டை மட்டும் சௌக்கியமில்லை. அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் நீங்கள் சொல்லப் போவதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இந்த வீட்டில் இன்னும் கொஞ்சம் காபி கிடைக்குமா என்றுகூட வாய் திறந்து கேட்காதவர் நீங்கள். எனக்கு அது ஒரு குறைதான். இருக்கட்டும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இந்தக் காலத்தில் போனில் பேசுவது யார் என்று யாருக்குத் தெரியும்? என் கையெழுத்தை எவனாலும் போலியாகப் போட முடியாது. "அசலையே யாராலும் படிக்க முடியலையே!" என்கிறாள் உங்கள் அத்தை. அவள் பேச்சைப் பொருட்படுத்தாமல் மேலே படியுங்கள்.

போன மாதம் எங்கள் வாஷிங் மெஷின் கண்ணை மூடிவிட்டது. மெக்கானிக் வந்து அதன் முதுகைக் கழற்றிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஒன்றும் பேசாமல் திரும்ப மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உங்கள் அத்தை குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கையால் துவைக்கிறாள். இப்போது கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. பார்க்கவே எனக்கு மனசு கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்ற புதிதில் ஆசைப்பட்டு வாங்கிய டிரெட்மில் உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் அதில் ஈரத் துண்டு காயப்போடுவது வழக்கம். "துவைக்க ஒண்ணும் இல்லாம, காயப்போட மட்டும் ஒண்ணு எதுக்கு? அதை வித்துட்டு மெஷின் வாங்குங்க" என்றாள். நியாயம்தானே? உடனே போட்டோ எடுத்து, துண்டையெல்லாம் எடுத்துவிட்டுத்தான், விற்பனைத் தளத்தில் போட்டேன்.

நீங்கள் போன தடவை வந்தபோது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எனக்குச் சொன்ன பாடம் ஒன்றுவிடாமல் மனசில் இருக்கிறது. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. யாரோ அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் நம் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு முன்பணம் கூடாது. கடைசியாக, புது நம்பரிலிருந்து ஏதோ என்று ஆரம்பித்தீர்கள், அதற்குள் உங்கள் அத்தை மிக்ஸியைப் போட்டுவிட்டாள். முக்கியமானதாக இருந்தால் மறுபடி சொல்லியிருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

விளம்பரம் போட்ட சூட்டோடு ஒருவன் கூப்பிட்டான். பேரம் பேசவில்லை, பொருளைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. "சார், ஒரு க்யூஆர் கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் வந்துடும்" என்றான். காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். டிக்கெட் இல்லாதவன் எப்படித் தூங்குவான் என்பது எனக்குத் தெரியாதா? "ஏன்ப்பா, நீ என் வீட்டுக்குப் பணம் கொண்டுவர நான் எதுக்கு என் பீரோ சாவியை உன்கிட்ட தரணும்? யாருக்குக் காது குத்தறே?" என்று கேட்டேன். வைத்துவிட்டான். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரர், இஸ்திரிக்காரர், தண்ணீர் கேன் போடுபவர் எல்லோருக்கும் வாசலில் நின்று விளக்கினேன்.

அடுத்த நாள் ஒருவர் நேரில் வந்தார். கையில் ரொக்கம். ரொக்கம் என்றால் கள்ள நோட்டு இருக்காதா? ஒவ்வொரு நோட்டாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தடவினேன், மூக்கில் வைத்தும் பார்த்தேன். பிறகு அடையாள அட்டை கேட்டேன். "சார், என்னைத் தெரியலையா? நான் பல் டாக்டர். உங்க கடைவாய்ப் பல்லை நான்தானே பிடுங்கினேன்" என்றார். "அதுக்கு என்ன அத்தாட்சி?" என்றேன். "வாயைத் திறங்க, காட்டறேன்" என்றார். கொஞ்சம் வார்த்தை தடித்துவிட்டது. அவர் நோட்டுகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு இப்போது இடதுபக்கம் இன்னொரு பல் ஆடுகிறது, வேறு டாக்டர் தேட வேண்டும்.

மூன்றாவதாக ஓர் ஆசிரியை, கணவரோடு, ஒரு லோடு வண்டியும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மாதிரியான மனுஷி. எங்கள் எதிரிலேயே போனில் பணம் அனுப்பினார், பச்சை டிக் விழுந்தது. டிக் எங்கே விழுந்தது? அவர் போனில்! என் போனில் ஒரு சத்தமும் இல்லை. "கொஞ்சம் உட்காருங்க, கணக்குல ஏறணும்" என்றேன். உங்கள் அத்தை காபி கொடுத்தாள். மறுபடியும் காபி கொடுத்தாள். கணவர் பொழுதுபோகாமல் டிரெட்மில்லில் ஏறி நடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பொறுமை போய், பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேராக வங்கிக்கே போய்விட்டேன். அங்கே பதிவு போடும் எந்திரம் வேலை செய்யவில்லை. கவுன்டரில் இருந்த அம்மாள், "போன்ல பாருங்களேன் சார்" என்றார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். நான் தெருமுனையில் திரும்பிய அடுத்த நிமிஷமே பணம் ஏறிவிட்டதாம். உங்கள் அத்தை பார்த்துவிட்டு, மன்னிப்பும் கேட்டு, பொருளை ஏற்றி அனுப்பிவிட்டாள். எனக்கு இது எப்படித் தெரியும்? திரும்பி வந்தால் ஹால் வெறிச்சென்று இருக்கிறது, துண்டெல்லாம் நாற்காலியில் கிடக்கிறது. வண்டி தெருக்கோடியில் போகிறது. "பிடி, பிடி!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சிக்னலில் பிடித்தும்விட்டேன். அந்த ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். "வீட்டுல இருந்தவரைக்கும் அதுமேல ஒரு நாள் ஓடாதவரு, அது போனப்புறம் அது பின்னாடி ஓடினாரு" என்று உங்கள் அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வாஷிங் மெஷின் வாங்குவதிலும் நான் அசரவில்லை. பழைய மெஷின் விற்கும் ஒருவர் முழுப் பணத்தையும் முதலில் அனுப்பச் சொன்னார், மாட்டேன் என்றேன். பெரிய கடை ஒன்றில் பொருள் வந்ததும் பணம் என்ற முறையில் ஆர்டர் செய்தேன். முந்தாநாள் இரண்டு பேர் மாடிப்படியில் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். பெட்டியைப் பிரித்து, குழாயில் மாட்டி, ஒரு நடை துணி துவைத்துக் காட்டினால்தான் பணம் என்றேன். "சார், நாங்க டெலிவரி, துவைக்கிறவங்க இல்லை" என்று சொல்லி, அதே படியில் திரும்ப இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் அத்தை அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. போகட்டும், வேறு மெஷின் கிடைக்காதா? ஆக மொத்தம் நான் ஒரு காசு ஏமாறவில்லை, டிரெட்மில் விற்ற பணம் கணக்கில் பத்திரமாக வந்து சேர்ந்தது. எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

மகளுக்கு என் ஆசி. பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உங்களுக்கு நீண்ட ஆயுளும், இந்த மாமாவிடம் கொஞ்சம் உரிமையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
என்றும் விழிப்புடன்,
மாமா

பின்குறிப்பு: நேற்று உங்கள் புது நம்பரிலிருந்து வந்த செய்தி கிடைத்தது. பழைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, அவசரமாகப் பணம் வேண்டும், மீட்டிங்கில் இருப்பதால் பேச முடியாது, வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். கையோடு அனுப்பிவிட்டேன். கணக்கில் யாரோ ஒரு பெண்மணி பெயர் வந்தது. உங்கள் அலுவலகக் கணக்காளராக இருக்கும். "டியர் அங்கிள்" என்று ஆரம்பித்திருந்தீர்கள், எப்போதும் போல மாமா என்றே எழுதியிருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன், படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிரெட்மில் பணம் முழுதும் போய்விட்டதால் இன்று காலையிலிருந்து துணியெல்லாம் நான்தான் துவைக்கிறேன். உடற்பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன், உங்கள் அத்தை நம்பாமல் கதவருகே நின்று பார்க்கிறாள். நான் வாய் திறக்கவில்லை. திருப்பித் தருகிற பேச்சே வேண்டாம், மாப்பிள்ளை. ஒரு தடவையாவது என்னிடம் கேட்டீர்களே, அது போதும்.