காருக்குப் போர்த்திய சால்வை

சத்தமே போடாத ஒன்றின்மேல் ஆசை வைத்தவன் பாதித் தூக்கத்தில்தான் திரிவான். என் முப்பத்திமூன்றாவது வயதில் நான் அப்படித்தான் திரிந்தேன். ஆசை வைத்தது ஒரு மின்சாரக் காரின்மேல். யப்பானில் யாரோ ஓட்டி முடித்த பழைய கார். கொழும்புத்துறைக் கடலோரமாக விடியற்காலையில் அதை ஓட்டிப் போனால் கரையில் நிற்கும் கொக்குகூடத் திரும்பிப் பார்க்காது. பொத்தானை அழுத்தியதும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். என்னவென்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. "சுகமா இருக்கிறீங்களோ?" என்று கேட்கிறாள் என நானே முடிவுசெய்து, "ஓம், இருக்கிறன்" என்று தினமும் பதில் சொல்லிவந்தேன். (ஒருநாள் பக்கத்தில் இருந்து இதைக் கேட்ட அம்மா, அன்று பின்னேரமே தரகரைக் கூப்பிட்டுவிட்டார்.)

ஏழு சாதகங்கள் பொருந்தவில்லை. எட்டாவது பொருந்தியது. உடுவில் பெண், பெயர் வதனி. தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, உடுவில் கோயிலில் காலைப் பூசையின்போது இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பது என்று நாளும் நேரமும் குறித்து ஏற்பாடு செய்தார்கள்.

அன்றைக்கு நல்ல பனி. வெங்காயத் தோட்டங்கள், பனைகள், மதில்கள் எல்லாம் கரைந்து போயிருந்தன. கார்ச் சில்லு நிலத்தில் படுகிறதா என்றே எனக்குச் சந்தேகம். அடுத்த தையில் பக்கத்து இருக்கையில் ஒருத்தி இருப்பாள் என்ற நினைப்பிலேயே உடுவில் வந்துவிட்டது.

வேட்டியும் தோளில் ஒரு சால்வையும்தான் என் உடுப்பு. பொக்கற் இல்லாததால் கார்த் திறப்பை, அதாவது சாவியை, இடுப்பில் செருகியிருந்தேன். விழுந்து கும்பிட்டபோது அது 'டங்' என்று கல்லில் விழுந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். கற்பூர வெளிச்சத்தில் அந்தச் சிரிப்பை அரைக்கணம் பார்த்தேன், வதனிதான். மிச்சப் பூசை எனக்கு நினைவில்லை.

வெளியே வந்து, திறப்பை அழுத்திக் காரைத் திறந்து, அம்மாவை ஏற்றினேன். வதனியும் தகப்பனும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறப்பு சில்லென்று இருந்தது. ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. "குளிரிலை உந்தக் கார் படுத்திடும், தம்பி. திறப்புக்குள்ளையும் ஒரு பற்றரி இருக்கு. அதையும் சூடா வைச்சிரு."

அம்மாவின் மடியில் எவர்சில்வர் தூக்குச்சட்டி நிறையக் கோயில் பொங்கல், ஆவி பறக்க. திறப்பை ஒரு பொலித்தீனில் சுற்றிப் பொங்கலின்மேல் வைத்து மூடியை இறுக்கினேன். (என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.)

பொத்தானை அழுத்தினேன். 'டிங்'. கண்முன்னே ஒரு வரி யப்பானிய எழுத்து வந்தது. அந்தப் பெண்குரல் பேசவில்லை. இன்னும் நாலுதரம் அழுத்தினேன். நாலு 'டிங்'.

வதனியின் தகப்பன் கிட்ட வந்தார். "தள்ளிவிடுவமோ, தம்பி?"

"கரண்ட் காரைத் தள்ளி ஸ்ராட் பண்ணேலாது, ஐயா. குளிர் பிடிச்சிட்டுது. சூடாக்க வேணும்."

ரொறன்ரோவுக்குப் போன் அடித்தேன். "இஞ்சை மைனஸ் இருபது," என்றார் அண்ணை. "அங்கை எவ்வளவு?"

"இருபத்திரண்டு."

"மைனஸோ?"

மாமனாராக வரவேண்டியவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "ஓம்," என்றேன்.

"ஐயோ! கெதியாப் போர்த்து!"

தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் காரின் முன்பக்கத்துக்குப் போர்த்தினேன். பிறகு வெற்றுடம்போடு நின்று, நடுங்கிக்கொண்டு, அதை இரண்டு கையாலும் தேய்த்துவிட்டேன். "காய்ச்சலோ?" என்று தகப்பன் மெல்லக் கேட்டார். எட்டாவதும் போச்சு என்று எனக்கு விளங்கிவிட்டது. அழுகை வந்தது.

அப்போது வதனி வந்தாள். "உந்த எழுத்தை ஒருக்கா வாசிச்சுப் பாக்கட்டோ?" கொழும்பில் ஒரு யப்பான் கொம்பனியில் மூன்று வருடம் வேலை செய்தவள் என்று தரகர் சொல்லியிருந்தார். காருக்குள் எட்டிப் பார்த்தாள். "குளிரைப் பற்றி ஒண்டும் இல்லை. 'திறப்பைக் காணேல்லை' எண்டு போட்டிருக்கு."

"திறப்பு காருக்குள்ளைதான் கிடக்கு."

"காருக்குள்ளை எங்கை?"

தூக்குச்சட்டியைக் காட்டினேன். "பொங்கலுக்குள்ளை."

அவள் அம்மாவின் மடியிலிருந்த சட்டியைத் திறந்து திறப்பை எடுத்தாள். "எவர்சில்வருக்குள்ளை மூடி வைச்சா, திறப்பின்ரை சிக்னலைக் கார் எப்பிடிக் கண்டுபிடிக்கும்?"

அழுத்தினேன். கார் உயிர்த்தது. குரலும் வந்தது. பொறுக்கமுடியாமல் கேட்டேன். "இப்ப இவ என்ன சொல்லுறா?"

"பெருந்தெருவிலை போறதுக்குக் காசு கட்டுற அட்டை போடேல்லையாம். யப்பான் பெருந்தெரு."

ஒரு வருடமாக அதற்குத்தான் நான் சுகம் சொல்லிவந்திருக்கிறேன்.

பின்னேரம் தரகர் போன் அடித்தார். பெண்ணுக்குச் சம்மதமாம். அம்மா இரண்டுதரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கண்ணாடி காணாமல் போனாலும் தண்ணீர்ப் பம்பு ஓடாவிட்டாலும் மகள் முதலில் கேட்பது, "அப்பா, பொங்கலுக்குள்ளை பாத்தனீங்களோ?"

ஏன் ஓம் சொன்னாய் என்று வதனியிடம் கேட்க எனக்குப் பல வருடம் துணிவு வரவில்லை. போன தையில் கடலோரமாகப் போகும்போது கேட்டேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்தபடி சொன்னாள். "சட்டையும் இல்லாமல் நடுங்கிக்கொண்டு, இருந்த ஒரு சால்வையையும் காருக்குப் போர்த்தின ஆள். எனக்குக் குளிர்ந்தா விட்டிடமாட்டார் எண்டு நினைச்சன்."

காரை ஓரங்கட்டி, பின்சீற்றில் கிடந்த சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டேன். அவள் தடுக்கவில்லை. "திறப்பு எங்கை?" என்று மட்டும் கேட்டாள்.