முதலாம் இலக்கத்தில் ஆள் இல்லை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மனிதர்களும் வசிக்கிறார்கள் என்பதை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் இலக்கத்தார்தான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிரிவும் ஊரும். நாங்கள் அதற்குள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறோம், அவ்வளவே.

அது இரண்டாம் உலக யுத்த காலம். சனத்தை எண்ணிக் கணக்கைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் ஊர்ப் பெயர்களைத் துரைமார் வாயில் போட்டுக் கொன்றுகொண்டிருந்தபடியால், பிரிவுக்கு ஒரு இலக்கம், அதற்குள் ஊருக்கு ஒரு இலக்கம் என்று முடிவாயிற்று. இலக்கம் போடும் வேலை எங்கள் அரசாங்கக் கந்தோரில் இவருக்கு. இவருக்குக் கீழே நான். எனக்கு இயல்பாகவே கோபம் அதிகம். இவரோடு ஒரே மேசையில் இருக்க விட்டபிறகு அது வியாதியாகிவிட்டது.

காலையில் கந்தோருக்குள் நுழைந்ததும், "ரண்டு-நாலு வந்திட்டுதோ?" என்று கேட்பார். சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வரும் பியோனைத்தான் கேட்கிறார். அந்தப் பாவிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களுக்கே மறந்துபோயிற்று.

ஒருநாள் சந்தையில் கத்தரிக்காய் விற்ற பெண்ணிடம், "உது அஞ்சு-ஒன்பதோ பிள்ளை?" என்றார்.

"இல்லை ஐயா, உது கொடிகாமத்துக் கத்தரிக்காய்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். அஞ்சு-ஒன்பது."

அவள் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்தாள். "அக்கை, கந்தோர் ஐயா கத்தரிக்காய்க்கும் நம்பர் போட்டிட்டாராம். அரிசியைப் போல இனி இதுக்கும் கூப்பன்தான்."

அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் சந்தையில் ஒரு கத்தரிக்காய் இல்லை. கூப்பன் வருமுன் வாங்கி வைப்போம் என்று சனம் கடகம் கடகமாக அள்ளிக்கொண்டு போயிற்று. எங்கள் வீட்டில் ஒரு கிழமை கத்தரிக்காய்க் குழம்பு.

செத்த வீட்டிலும் அவர் அடங்கமாட்டார். எங்களோடு வேலை செய்தவரின் தகப்பன் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் மோசம் போனார். எல்லோரும் மகனின் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டோம். இவரும் பிடித்தார். "தம்பி, உம்மடை ஐயா செத்தது ஆஸ்பத்திரியிலை. இருந்தது உங்கடை ஊரிலை. இப்ப அவரை எந்த ஊரிலை கழிக்கிறது?" மகன் அழுகையை நிறுத்திவிட்டு அவரை அடிக்க எழும்பினான். நான் தடுக்கவில்லை. வேறு யாரோ தடுத்துக் கெடுத்துவிட்டார்கள்.

ஆனால் மனிதருக்கு ஒரு கனவு இருந்தது. கொழும்பில் புதிதாக ஒரு உத்தியோகம் வரப்போகிறது, அதற்குப் போகிறவர் இலங்கை முழுவதற்கும் இலக்கம் போடுவார் என்று பேச்சு. அந்தக் கதிரையில் தான் இருப்பதாகவே இவர் நடந்துகொண்டார். இலங்கைப் படத்தைக் கண்டால் விரலால் கரையோரம் ஒருமுறை சுற்றிவிட்டுத்தான் அப்பால் நகருவார். ஏனென்றால் அவருடைய முறை அதுதான், வலம் வருதல். கோயிலைச் சுற்றுவதுபோல ஈசான மூலையில் ஒன்று என்று தொடங்கி, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி வந்து முடிப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் இலக்கத்தை வைத்து ஊர் எந்தப் பக்கம் என்று சொல்லலாமாம். போட்ட இலக்கத்தைத் துரை வந்து கேட்டாலும் மாற்றமாட்டார்.

வினையும் அந்த வலத்தால்தான் வந்தது.

தென்மராட்சிப் பிரிவின் ஈசான மூலையில் ஒரு அம்மன் கோயில். அதன் கிழக்கே ஒரு ஊர், வடக்கே ஒரு ஊர். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் இந்தப் பத்திரிகைக்குக் கல்லெறி விழும். கிழக்கூர், வடக்கூர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூசை முடிந்ததும் வெற்றிலை பாக்குத் தட்டத்தில் வைத்துக் கொடுக்கும் காளாஞ்சி மரியாதையை ஒரு வருடம் கிழக்கூர் முதலில் வாங்கும், மறுவருடம் வடக்கூர். அப்படித்தான் மண்டை உடையாமல் காலம் ஓடியது. இலக்கத்தாரின் சுற்றில் கிழக்கூர் ஒன்று. வடக்கூர் கடைசி.

கிழக்கூரார் நேரே கோயில் மனேச்சரிடம் போனார்கள். "சர்க்காரே எங்களை ஒண்டு எண்டு போட்டிட்டுது. இனி எல்லா வரியமும் முதல் காளாஞ்சி எங்களுக்குத்தான்." வடக்கூரார் கொதித்துப்போனார்கள். வீட்டுப் படலைகளில் தாரால் இலக்கம் எழுதப் போன ஊர் அதிகாரி விதானையாரைத் தார்ச் சட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். இலக்கம் இல்லாத ஊருக்கு அடுத்த மாசம் அரிசிக் கூப்பன் இல்லை. என் அக்காவை வடக்கூரில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் பிள்ளைகளுக்கு மானம் தெரியாது, பசிதான் தெரியும்.

"அண்ணை, ரண்டு இலக்கத்தையும் மாத்தி எழுதிவிடுங்கோ" என்றேன்.

"மாத்தினா கிழக்கூர் கூப்பனை எறியும். இலக்கத்துக்கு முதல் மரியாதை, கடை மரியாதை ஒண்டும் இல்லை ஐசே."

"அதைப் போய் அங்கை சொல்லுங்கோ. என்ரை அக்காவின்ரை அடுப்பு உங்கடை வலத்திலை எரியாது."

பேனையைக் கீழே வைத்தார். பிறகு குடையை எடுத்தார். ரயிலேறி இருவரும் போனோம்.

கோயில் முற்றத்தில் வடக்கூர் திரண்டிருந்தது. முன்னால் சின்னத்தம்பியர், அந்த ஊரின் பெரிய வாய். "கிளாக்கர், எங்களைக் கடைசியிலை போட என்ன துணிவு உமக்கு?"

இலக்கத்தார் குடை நுனியால் மணலில் ஒரு வட்டம் கீறினார். "திருவிழாவிலை கொடியேத்தம் எப்ப?"

"முதல் நாள். உதுவும் தெரியாமலோ வந்தனீர்?"

"தேர்?"

"கடைசியிலை."

"கூடச் சனம் வாறது கொடிக்கோ, தேருக்கோ?"

சின்னத்தம்பியர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். "எட, உந்த மனிசன் எங்களுக்குத் தேரல்லோ தந்திருக்கிறான்." விதானையார் தார்ச் சட்டியோடு ஓடினார்.

தேத்தண்ணி குடித்து முடியவில்லை, கிழக்கூர் வந்து நின்றது. படலையில் எழுதின ஒன்றைச் சாம்பல் போட்டு உரஞ்சிவிட்டு வந்திருந்தார்கள். "கொடி எங்களுக்கு, தேர் உவைக்கோ? எங்களுக்கும் கடைசி இலக்கம்தான் வேணும்."

"இப்ப சந்தோஷமோ அண்ணை?" என்றேன். அவர் காதில் அது விழவில்லை. வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் அப்படி வாடி நான் கண்டதில்லை.

"இந்தக் கோயில் காணி ஆரின்ரை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அம்மன்ரை."

"அப்ப ஒண்டு அம்மனுக்கு. அம்மன்ரை ஒரு கைப்பக்கம் கிழக்கூர், மற்றக் கைப்பக்கம் வடக்கூர். நடுவிலை வேறை ஊர் இல்லை."

கூட்டம் தங்களுக்குள் குசுகுசுத்தது. அம்மனுக்கு முன்னால் யார் நிற்பது? கிழக்கூர் தன் பக்கம்தான் வலக்கை என்று திருப்திப்பட்டது. வடக்கூர் தேரோடு திருப்திப்பட்டது. காளாஞ்சி பழையபடி வருடம் மாறி வருடம் என்றாயிற்று. அடுத்த மாசம் அக்கா கூப்பனைக் கொடுத்துச் சங்கக்கடையில் அரிசி வாங்கினாள்.

ஆனால் ஒன்றை அம்மனுக்குக் கொடுத்தால் அந்தப் பிரிவில் ஒவ்வொரு ஊரும் ஒரு இலக்கம் தள்ளிப்போகும். எல்லாத் தாளையும் அவரே தன் கையால் வெட்டித் திருத்தினார். உதவ வந்த என்னைக் கிட்டவும் விடவில்லை. கணக்கு கொழும்புக்குப் போனது. முதலாம் இலக்கம், சனத்தொகை பூச்சியம். ஆள் இல்லாத காணிக்கு எதற்கு இலக்கம், உடனே எடுத்துவிடு என்று துரை கடிதம் போட்டார்.

"எடுத்துவிடுங்கோ அண்ணை. கொழும்பு உத்தியோகம் போயிடும்" என்றேன்.

"எடுத்தா திரும்பவும் அடிபடுவாங்கள். உம்மடை அக்கா எங்கை போறது?" என்றார். அக்கா என்றுதான் சொன்னார். இலக்கம் சொல்லவில்லை.

கொழும்புக் கதிரைக்கு வேறொருவர் போனார். நாட்டைத் தனக்குத் தெரிந்தபடி குறுக்கும் மறுக்குமாக இலக்கமிட்டார். எங்களவர் அதே மேசையில் இருந்து, ரண்டு-நாலு வந்துவிட்டதா என்று கேட்டபடியே பென்சனோடு இளைப்பாறிப் போய், பிறகு காலமானார்.

அவருடைய கதிரைக்கு நான் வந்தேன். முதலாம் இலக்கத்தில் ஆள் இல்லையே, எடுக்கலாமா என்று ஒவ்வொரு புதுத் துரையும் கேட்டான். முடியாது என்றே எழுதினேன். அவர் செத்த வருடம் மட்டும் அந்தப் பூச்சியத்தை வெட்டிவிட்டு அவர் பேரில் ஒன்று என்று போட என் கை போயிற்று. போடவில்லை. போட்டிருந்தால் மனிதர் சுடலையிலிருந்து எழும்பி வந்து திருத்தியிருப்பார். வந்திருந்தால் நல்லது என்றுதான் இப்போது படுகிறது.